மேசை இல்லாத நமக்கு

தண்டலம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா,

அம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று எழுது. போனில் கேட்டால் “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று பேச்சை முடித்துவிடுகிறாள்.

அன்றைக்கு நீ கேட்டாயே: “பள்ளிக்கூடத்துல குடுத்த டேப் இருக்குக்கா, அதுலயே படம் போட்டுக்கலாமா, இல்ல சொந்தமா ஒண்ணு வாங்கவா? வாங்கினா பெருசா, சின்னதா?” கம்பெனி பஸ் இரைச்சலில் அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகளுக்குக் கதை எழுதி, நீயே படமும் போட்டுப் புத்தகமாக்க வேண்டும் என்று டீச்சர் ட்ரெய்னிங் படித்த காலத்திலிருந்து சொல்லிவருகிறாய். அந்த ஆசைக்கு வழி திறக்கிற விஷயம் இது. அதனால்தான் லீவு நாளில் உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்தமாக வாங்கு. சின்னதாக வாங்கு. பேனா வேலை செய்கிற டேப்தானா என்று உறுதிசெய்துகொண்டு வாங்கு. வாங்கிய அன்றைக்கே அதில் என்னென்ன செய்வது, என்னென்ன செய்யக் கூடாது என்று தீர்மானித்துவிடு.

பள்ளிக்கூடத்து டேப் அரசாங்கத்துப் பொருள். எமிஸ் வருகைப்பதிவு, எண்ணும் எழுத்தும் மதிப்பீடு, மேலிடத்துச் சுற்றறிக்கை என்று நாள் முழுக்க அதற்கு வேலை இருக்கும். என்றைக்காவது திரும்பக் கேட்பார்கள், அல்லது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக அமைக்கச் சொல்வார்கள். நீ வரைந்த முயல்குட்டி அதோடு சேர்ந்து போய்விடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. திரையைத் திறந்ததும் பாக்கி வேலை கண்ணில் பட்டால் கதை எழுத வந்த மனசு அங்கேயே கலைந்துவிடும். கதைக்கென்று தனியாக ஒரு திரை இருப்பதில் அவ்வளவு லாபம் இருக்கிறது.

என் நிலைமை உனக்குத் தெரிந்ததுதான். மெடிக்கல் காலேஜுக்கும் இன்ஜினியரிங் காலேஜுகளுக்கும் வருகிற பிள்ளைகளும், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற நாங்களும் தண்டலத்தின் ஒரே தெருக்களில்தான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். எங்கள் அறையில் நாலு பேர், நாலு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். ஒருத்தி ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி நைட் முடித்துவந்து பாயைப் போடுகிறாள். எந்நேரமும் யாராவது தூங்குவதால் விளக்குப் போட முடியாது. மேசைக்கு இடமில்லை. இருக்கிற இரண்டு ப்ளக் பாயின்டில் ஒன்று இண்டக்ஷன் அடுப்புக்கே போய்விடுகிறது. பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை உன்னிடமே விட்டுவந்தது இதனால்தான். அதற்கு மேசை வேண்டும், ப்ளக் வேண்டும், சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரமாவது வேண்டும். என்னிடம் அந்த மூன்றும் கிடையாது.

உன்னிடம் மட்டும் இருக்கிறதா? வீட்டில் இருக்கிற ஒரே மேசையில் பெரியவனின் புத்தகமும் இஸ்திரிப் பெட்டியும் கிடக்கும். உனக்குக் கிடைப்பது சோறு கொதித்து அடங்கும் நேரமும், சின்னவள் தூங்கிய பிறகு உன் கண் சொக்குவதற்கு முன்னால் இருக்கிற கொஞ்ச நேரமும்தான். மேசை இல்லாதவர்கள் எங்கே எழுதுவது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஒரு கையில் அடங்குகிற இந்தக் கண்ணாடிப் பலகைதான் எனக்குக் கிடைத்த விடை. வெளிச்சத்தை அதுவே தருகிறது, அதையும் பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு உறுத்தாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். தட்டினால் சத்தம் வராது. பத்து நிமிஷம் கிடைத்தாலும், நேற்று விட்ட வரியிலேயே திறக்கிறது.

ஏன் சின்னது என்கிறேன் தெரியுமா? என்னுடையது 2021-ல் வந்த ஐபேட் மினி. திரை 8.3 அங்குலம், எடை முந்நூறு கிராமுக்குள். ஏ5 தாளைவிட நீளத்திலும் அகலத்திலும் ஒரு விரல் குறைவு. சோற்றுப் பை வைக்கிற கைப்பையிலேயே இதுவும் உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் ஒரு கையால் பிடித்து மறு கையால் எழுதலாம். நின்றுகொண்டே போகிற நாளில் கம்பியைப் பிடித்தபடி கட்டைவிரலால் தட்டலாம். பதினோரு அங்குல டேப்பில் வரைய இடம் தாராளமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மடியில் வைக்க வேண்டும், உட்கார இடம் வேண்டும், எடுக்கும்போதே பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னது கையில் இருப்பது மற்றவர் கண்ணில் படாது. நமக்குக் கிடைக்கிற நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது, அந்தத் துண்டுகளுக்குள் நுழைகிற அளவில் கருவி இருக்க வேண்டும்.

டேவிட் ஹாக்னி என்ற ஆங்கில ஓவியரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? எழுபது வயதைத் தாண்டியபோது ஐபோனில் விரலால் பூக்களை வரைய ஆரம்பித்தார். 2010-ல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார். மறு வருஷம் இங்கிலாந்தில் தன் ஊர்ப்பக்கம் வசந்தகாலம் வருவதை, வோல்ட்கேட் என்ற சாலையோரம் நின்று ஐபேடில் படம் படமாக வரைந்தார். அவற்றைப் பெரிதாக அச்சடித்து 2012-ல் லண்டன் ராயல் அகாடமியில் மாட்டினார்கள். உலகத்தில் எந்த மேசையையும் வாங்கக்கூடிய மனிதர், பார்க்கிற இடத்திலேயே வரைவதற்காகக் கையடக்கப் பலகையைத் தேடிப் போனார். சின்னத் திரையில் பிறந்த படம் சின்னதாகவே இருந்துவிட வேண்டியதில்லை என்பதையும் அவரிடம் பார்த்துக்கொள்.

இனி வாங்குகிற விஷயம். கடையில் “இதுலயும் பேனா எழுதும்மா” என்று எதைக் காட்டினாலும் சொல்வார்கள். ரப்பர் முனைக் குச்சி எந்தத் திரையிலும் கோடு போடும், அது விரலுக்குப் பதில், அவ்வளவுதான். அழுத்தினால் கோடு தடிக்காது, உள்ளங்கை பட்டால் அதுவும் கோடாக விழும். உனக்கு வேண்டியது, பேனாவைத் தனியாக அறிந்துகொள்கிற திரை. சாம்சங் டேப் ஏ9 8.7 அங்குலம், விலையும் குறைவு, ஆனால் அதில் எஸ்-பென் வேலை செய்யாது. டேப் எஸ்6 லைட்டில் பேனா பெட்டியிலேயே வரும், ஆனால் அது 10.4 அங்குலம், எடையும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஐபேட் மினி 2024-ல் புதிதாக வந்தபோது நம் ஊரில் 49,900 ரூபாயில் விலை தொடங்கியது. அதற்குமேல் பேனாவுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். நம் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையதாகத்தான் வாங்கினேன்.

பழையதை வாங்குவதானால் மூன்றைப் பார். முன்னால் வைத்திருந்தவரின் கணக்கிலிருந்து அது முழுக்க விடுபட்டிருக்கிறதா என்று உன் கண்ணெதிரே அழித்துப் புதிதாகத் திறந்து காட்டச் சொல். பேனாவைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துப் பார், ஒட்டினால் போதாது, சார்ஜ் ஏற வேண்டும். ஆப்பிள் பேனாவில் தலைமுறை உண்டு, என் டேப்பில் ஒட்டிச் சார்ஜ் ஏறுகிற பேனா 2024-ல் வந்த மினிக்குப் பொருந்தாது. அப்புறம் ஒரு கோட்டை ரொம்ப மெதுவாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை சாய்வாக இழு. எங்காவது நெளிந்தால் திரையில் கோளாறு இருக்கிறது. சிம் போடுகிற மாடல் வேண்டாம். வைஃபை மட்டும் இருந்தால் விலையும் குறையும், பஸ்ஸில் எதுவும் வந்து கூப்பிடாது.

தமிழ் தட்டச்சு பற்றிக் கவலைப்படாதே. ஐபேடிலேயே தமிழ்99 இருக்கிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த பணியால் 2013-லிருந்து ஐபோன், ஐபேடுகளோடு சேர்ந்தே வருகிறது. உயிரெழுத்து இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம். ஒரே எழுத்தை இரண்டு தடவை தட்டினால் முதலாவதின் தலையில் தானாகப் புள்ளி விழும். உன் பெயரையே எடுத்துக்கொள். ப, ஆ, ப, ப, ஆ. ஐந்து தட்டு, பாப்பா வந்துவிடும். ந-வுக்குப் பின் த, ங-வுக்குப் பின் க என்று வந்தாலும் புள்ளி தானாக விழும். கொஞ்ச நாளில் விரல் பழகிவிடும், அதன்பின் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குவது உனக்கே சுற்றுவழியாகத் தெரியும்.

பேசினால் எழுதிக்கொள்கிற வசதியும் இருக்கிறது. கூகுள் 2017-ல் தமிழுக்குக் கொண்டுவந்தது. பள்ளிக் கடிதத்துக்கு அது நன்றாக உதவும். கதைக்கு நான் அதை வைத்துக்கொள்வதில்லை. “வந்துட்டுப் போவேன்” என்று நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது தனக்குத் தெரிந்த தமிழுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. தவிர, என் கதைகளில் இருப்பவர்கள் என் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள். அவர்கள் காதில் விழ அதைச் சொல்லி எழுத முடியாது.

என் நாள் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், உனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள். தண்டலத்தில் ஏறினால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, வல்லம் வழியாக ஒரகடம் போய்ச் சேர முக்கால் மணி நேரம். போகும்போது எழுத்து, வரும்போது படம் என்று பிரித்துவைத்திருக்கிறேன். காலையில் சொல் தெளிவாக வரும். கம்பெனியில் எட்டு மணி நேரம் பார்ட்டில் குறை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு சொல் ஓடாது, ஆனால் கண் கூர்மையாகிவிட்டிருக்கும். விளிம்பில் பர் என்கிற மயிரிழைப் பிசிறு நிற்கிறதா, எங்காவது லேசான டென்ட் இருக்கிறதா என்று பார்த்த கண், அப்படியே பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறவளின் தோளையும் பார்க்கும். கழுத்துப் பட்டையில் தொங்கும் ஐடி கார்டு வண்டி குலுங்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறது, வாடிய பூச்சரம் பின்னலில் எங்கே நழுவி நிற்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் எனக்குப் பிடிபடுகிறது.

கம்பெனிக்குள் டேப் வராது. கேட் பதிவேட்டில் சீரியல் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, போனோடு சேர்த்து லாக்கரில் பூட்டிவிட வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனசோடு மதிக்கிறேன். உள்ளே இருக்கிற இயந்திரத்தையோ பார்ட்டையோ ஒரு கோடுகூட நான் வரைந்ததில்லை. லாக்கரில் ஒரு சின்னப் பாக்கெட் நோட்டும் இருக்கும். டீ பிரேக்கில் நாலு சொல் அதில் எழுதுவேன். “அண்ணன் கல்யாணம். லோன். ஓ.டி. கேட்டாள்.” இவ்வளவுதான். மறுநாள் காலை பஸ்ஸில் அந்த நாலு சொல்லைப் பார்த்து டேப்பில் ஒரு பக்கம் எழுதுவேன். எழுதியதும் நோட்டில் அதன்மேல் ஒரு கோடு. நோட்டில் இருப்பது டேப்புக்கு வரும், டேப்பில் இருப்பது நோட்டுக்குத் திரும்பாது. போகிற பாதை ஒன்றே ஒன்றாக இருப்பதால் எது எங்கே இருக்கிறது என்று நான் தேடுவதே இல்லை.

கையால் எழுதுவதா, தட்டச்சா என்று கேட்பாய். யோசனை வரும்போது பேனாவால் கிறுக்குகிறேன், பாதிப் படம் பாதி எழுத்தாக அது அப்படியே கையெழுத்தாகக் கிடக்கும். பிறகு அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன். இரண்டாவது தடவை எழுதும்போது வேண்டாத சொல் தானாக உதிர்கிறது. அதுதான் என் முதல் திருத்தம். அதனால் கையெழுத்தைத் தானே எழுத்தாக மாற்றித் தரும் வசதியை நான் தேடவில்லை.

டேப்பை ஒழுங்காக வைத்துக்கொள்ளக் கற்றது கம்பெனியில்தான். இந்தப் பக்கம் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் சுவரில் ஃபைவ் எஸ் பலகை தொங்கும். ஜப்பானிலிருந்து வந்த முறை. வேண்டாததைப் பிரித்து அகற்று, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, சுத்தம் செய், எல்லோருக்கும் ஒரே முறையாக்கு, அதை விடாமல் கடைப்பிடி. நான் இதை அப்படியே டேப்புக்குக் கொண்டுவந்தேன். யூடியூப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எதுவும் அதில் கிடையாது, அதற்குப் போன் இருக்கிறது. முதல் திரையில் நாலே நாலு: குறிப்பு எழுத ஒன்று, நீளமாக எழுத ஒன்று, வரைய ப்ரோகிரியேட், படிக்க ஒன்று. ப்ரோகிரியேட்டுக்கு மாதச் சந்தா இல்லை, ஒரு தடவை காசு கட்டினால் போதும். அறிவிப்பு மணி எதற்கும் அனுமதி கிடையாது.

கோப்புகளுக்கும் கம்பெனி வழக்கம்தான். லைனில் நல்ல பார்ட் ஒரு ட்ரேயில் போகும், ரீவொர்க் மஞ்சள் பெட்டிக்கு, ரிஜெக்ட் சிவப்புப் பெட்டிக்கு. டேப்பில் எழுதுவதும் முடிந்தது, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அடைவுகளில்தான் போகும். லைனில் சிவப்புப் பெட்டியை யாரும் அப்படியே விட்டுவிடுவதில்லை. ஏன் ரிஜெக்ட் ஆனது என்று உட்கார்ந்து பார்ப்பார்கள். வார லீவில் நானும் அதைத்தான் செய்கிறேன். போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு எல்லாவற்றையும் டிரைவில் ஒரு பிரதி ஏற்றிவிட்டு, சிவப்பைத் திறந்து வாசிப்பேன். ஏன் நின்றுபோனது என்று ஒரு வரி எழுதுவேன். பெரும்பாலும் காரணம் ஒன்றாகவே இருக்கும், கதையில் வருகிற ஆளைப் பற்றி எனக்கு இன்னும் போதுமானது தெரியாது. அப்படியானால் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளிடம் போய்ப் பேச வேண்டும் என்று அர்த்தம். சிவப்புப் பெட்டிதான் எனக்கு அடுத்த வார வேலையைச் சொல்கிறது.

இதோடு சேர்ந்த ஒரு கட்டுப்பாட்டை நீயும் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் அறைப் பெண்கள் நம்பிச் சொல்கிற விஷயங்கள் இந்தத் திரைக்குள் இருக்கின்றன. சம்பளம், சீட்டு, காதல், வீட்டில் நடந்த சண்டை. நான் எழுதுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன், முகத்தை வரைவதில்லை, முடிந்த கதையை முதலில் அவர்களுக்கே வாசித்துக் காட்டுகிறேன். “இத எடுத்துரு” என்றால் எடுத்துவிடுவேன். உன் வகுப்புப் பிள்ளைகளை வரையும்போதும் இப்படியே இரு. அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு குழந்தையையும் போடாதே. டேப்புக்குக் கடவுச்சொல் இல்லாமல் ஒரு நாளும் இருக்காதே.

படிப்பதற்கும் இந்த அளவு பொருத்தமாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று ஆரம்பித்த மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதற்கொண்டு இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகள் இருக்கின்றன, பழைய குழந்தை இலக்கியத்தையும் தேடிப் பார். இலங்கைத் தமிழர்களின் நூலகம் தளத்தில் அங்கே வந்த பத்திரிகைகளும் சிறுவர் நூல்களும் கிடைக்கும். போனில் இந்த ஸ்கேன் பக்கங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண் பூத்துப்போகும். எட்டு அங்குலத் திரையில் ஒரு பக்கம் முழுசாக, ஏறக்குறைய அச்சடித்த அளவிலேயே தெரிகிறது.

பாப்பா, இதற்கெல்லாம் மேலாக என் மனதில் இருக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். 1972-ல் ஆலன் கே என்ற அமெரிக்கர், கையில் எடுத்துப் போகிற கணினி ஒன்றைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். டைனாபுக் என்று அதற்குப் பெயர். நோட்டுப் புத்தக அளவு, திரை, விசைப்பலகை. அப்போது அப்படி ஒன்றைச் செய்யவே முடியாது. கட்டுரையின் தொடக்கத்தில் இரண்டு குழந்தைகள் புல்வெளியில் படுத்துக்கொண்டு அதில் விளையாடுகிறார்கள், அந்த விளையாட்டை மாற்றி அமைப்பதும் அவர்கள்தான். குழந்தைகள் பார்க்கிறவர்களாக மட்டும் இல்லாமல் செய்கிறவர்களாக வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஐம்பது வருஷம் கழித்து அந்தப் பலகை நம் கைக்கு வந்திருக்கிறது. நாம் அதில் பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த நெடுஞ்சாலையில் இருந்துகொண்டு அதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி 2014-ல் மூடப்பட்டது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானில் 2019 முதல் ஐபோன் தயாராகிறது. அந்த லைன்களில் உட்கார்ந்தவர்களும் உட்கார்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் நம்மைப்போல் தென் மாவட்டத்திலிருந்தும் வட மாவட்டத்திலிருந்தும் வந்த பெண்கள்தான். அவர்களுக்கென்றே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அவ்வளவு ஜனம் கிடையாது. ஓர் ஊர் அளவுக்குப் பெண்கள் சேர்ந்து வாழ்கிற இடத்திலிருந்து எத்தனை கதை வந்திருக்க வேண்டும்! உலகமே தொடுகிற திரையைப் பூட்டி அனுப்புகிற கைகள், அதே மாதிரித் திரையில் தங்கள் கதையைத் தாங்களே எழுத வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துத்தான் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அந்த உழைப்பை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. அவர் வெளியிலிருந்து போய்த் தெரிந்துகொண்டது போன்ற வாழ்க்கைக்கு நடுவிலேயே நாம் தினமும் கிடக்கிறோம். பாமாவும் உன்னைப்போல் ஆசிரியையாக இருந்தவர்தான், 1992-ல் ‘கருக்கு’ வந்தபோது அவர் தன் ஜனம் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருந்தார். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதிய பெண்கள் நமக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி நம் கைப்பையில் இருக்கிறது. அதை வீணாக்கக் கூடாது.

இனி உன் வேலை. முதலில் எட்டுப் பக்கப் புத்தகம் ஒன்றை முடி, அதைவிடப் பெரிதாக எதுவும் வேண்டாம். ப்ரோகிரியேட்டில் படம் தொடங்கும்போதே அளவைச் சரியாக வை: அகலம் 1748, உயரம் 2480. ஏ5 பக்கத்துக்கு, அச்சில் பிசிறில்லாமல் வருகிற 300 டிபிஐ கணக்கு அது. பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று சின்னதாகத் தொடங்கினால் அச்சில் கோடெல்லாம் படிக்கட்டாகிவிடும். கோட்டுக்கு ஒரு லேயர், நிறத்துக்கு ஒரு லேயர், எழுத்துக்கு ஒன்று. எழுத்தைத் தனி லேயரில் வைத்தால் பிழை திருத்துவது சுலபம். கண்ணாடி வழுக்கினால் சொரசொரப்பான மேட் ஃபிலிம் ஒட்டிக்கொள், பேனா முனை சற்றுச் சீக்கிரம் தேயும், ஆனால் கை நிதானப்படும்.

எட்டுப் பக்கத்துக்கு ஏ4 தாள் இரண்டு போதும். இரண்டையும் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் புத்தகம். முன்னும் பின்னும் அடிக்கும்போது எட்டாம் பக்கமும் முதல் பக்கமும் அருகருகே வரும், இரண்டும் ஏழும் அடுத்து வரும். முதலில் இரண்டு வெற்றுத் தாள்களை மடித்துப் பக்க எண் போட்டுப் பார்த்துக்கொள். உங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையிலேயே முடியும் வேலை. உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை பிரதி எடு, அதற்குப் பணம் நான் அனுப்புகிறேன். தங்கள் டீச்சர் எழுதிய புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு, புத்தகம் என்பது தெரிந்தவர்களும் எழுதுகிற ஒன்று என்று அந்த வயதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் அதுவும் எழுதும்.

டேப்பை எப்போது, எங்கே வாங்கப் போகிறாய் என்று முடிவானதும் சொல். திருநெல்வேலியில் பார்ப்பதானால் கடையிலிருந்தே வீடியோ கால் போடு, நான் லீவில் இருந்தால் சேர்ந்து பார்க்கலாம். அந்த முயல்குட்டிக் கதையின் முதல் பக்கம் முடிந்ததும் எனக்கு அனுப்பு. சரியில்லாத இடத்தில் வட்டம் போட்டு, காரணத்தையும் எழுதி அனுப்புகிறேன். என் மஞ்சள் அடைவிலிருந்து ஒரு கதையை உனக்கு அனுப்புகிறேன், நீயும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் அதையே செய். மாதம் ஒரு தடவை இப்படி மாற்றிக்கொள்வோம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் தேதியைத் தெரிவி, அந்த வாரம் லீவு சொல்லிவிட்டு வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா